பயம் வராத ரத்தக்காட்டேரி நாவலுக்கு எத்தனை நட்சத்திரம்?

ரத்தக்காட்டேரி நாவல்களும் ஜாம்பி நாவல்களுமாக நாற்பதுக்கு மேல் வாசித்துவிட்டதாகவும், மதிப்புரை எழுத உட்கார்ந்தால் ‘பயமாக இருந்தது’, ‘பயமாக இல்லை’ என்ற இரண்டு வரிகளைத் தாண்டிக் கை நகர மறுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று சந்தேகங்கள்: பயமே வராத நாவலுக்குக் குறைந்த நட்சத்திரம் கொடுப்பது நியாயமா, பகலில் நடமாடும் ரத்தக்காட்டேரியை எழுதியவர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்லலாமா, கதையை எந்த இடம் வரை சொல்லலாம். இவற்றை இரண்டு மூன்று தடவை படித்த பிறகு, எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று தோன்றியது. வாசிக்கும்போது எனக்குள் நடந்ததை, என்னை அறியாத ஒருவர் நம்பக்கூடிய சாட்சியமாக எப்படி மாற்றுவது? அதற்குத்தான் பதில் சொல்ல முயல்கிறேன். மற்றவை போகிற வழியில் வந்து சேரும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வருடங்களாகத் திகில் நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறேன். அதற்கு முன் ஐந்து வருடம், ஒரு பதிப்பகத்துக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, தேறும் அல்லது தேறாது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொடுக்கும் வேலை. தமிழும் ஆங்கிலமும் மட்டுமே படிப்பேன். மற்ற மொழி நாவல்கள் மொழிபெயர்ப்பில்தான் என்னிடம் வருகின்றன, ஆகவே அவற்றின் நடையைப் பற்றி வாய் திறப்பதில்லை. ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் கதைகள் எனக்கு ஒட்டுவதில்லை. அது அந்தக் கதைகளின் குறை என்று சொல்லும் தைரியம் முன்பு இருந்தது, இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது.

முதலில் பயத்தைப் பற்றி. உங்களுக்குப் பயம் வந்தது என்றால் வந்ததுதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது நாவலால் வந்ததா, வீட்டில் தனியாக இருந்ததால் வந்ததா, பின்னட்டையில் ‘இரவில் படிக்காதீர்கள்’ என்று அச்சடித்திருந்ததால் வந்ததா என்பது சந்தேகத்துக்குரியது. வராமல் போனதற்கும் இதே கணக்குதான். நான் ஒருமுறை வசமாகச் சறுக்கினேன். மறுநாள் கட்டுரை கொடுக்க வேண்டிய அவசரத்தில் முந்நூற்றைம்பது பக்க நாவல் ஒன்றை ஒரே பகலில், ரயிலில், பக்கத்து இருக்கைக்காரர்களின் சீட்டாட்டக் கூச்சலுக்கு நடுவே படித்து முடித்து, ‘ஆசிரியருக்குப் பயமுறுத்தத் தெரியவில்லை’ என்று எழுதிவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு காரியமாக அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஏழாவது அத்தியாயத்தில், இறந்துபோன கணவன் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிறான். மனைவி பதில் சொல்வதற்குள் ஆசிரியர் ஒன்றரைப் பக்கம் எடுத்துக்கொள்கிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தில் அவள் செய்வதெல்லாம் அடுப்பை அணைப்பதும் கையைத் துடைப்பதும்தான். ரயிலில் அந்தப் பக்கத்தை நான் தாண்டிக் குதித்திருந்தேன். அவள் கையைத் துடைக்கத் துடைக்க, வேண்டாம் வேண்டாம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது இரண்டாம் வாசிப்பில்தான். அந்த மதிப்புரை இன்னும் எங்கோ கிடக்கிறது. அதில் நான் மதிப்பிட்டது ரயில் பயணத்தை.

இதிலிருந்து ஒரு பழக்கம் ஏற்பட்டது. இந்த வகை நாவலைப் பென்சில் இல்லாமல் தொடுவதில்லை. பயம் வந்தால் எழுத மாட்டேன், பயம் வந்த வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அருவருப்பு வந்தால் ஒரு கோடு. சிரிப்பு வந்தால், அதுவும் ஆசிரியர் எதிர்பாராத இடத்தில் வந்தால், ஒரு சுழி. படித்து முடித்த மறுநாள் புள்ளிகளுக்கு மட்டும் திரும்பிப் போய், அந்த வரிக்கு முன்னால் இருக்கும் இரண்டு பக்கங்களைப் படிப்பேன். பயம் பெரும்பாலும் புள்ளி வைத்த வரியில் உற்பத்தியாவதில்லை. முன் பக்கத்திலேயே ஊன்றப்பட்டிருக்கும்.

அடுத்ததாக, எந்தப் பயம் என்று கேட்க வேண்டும். நம் மொழியில் அச்சம், திகில், பீதி, நடுக்கம், கிலி, அருவருப்பு, திடுக்கிடல் என்று இத்தனை சொற்கள் இருக்க, மதிப்புரையில் எல்லாவற்றையும் ‘பயம்’ என்ற ஒரே பானைக்குள் போட்டுவிடுகிறோம். இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது திகில் இலக்கியக் கோட்பாட்டு நூல் எதுவும் இல்லை, தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளில், அச்சம் ஒன்று, இளிவரல் இன்னொன்று. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது அது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற ஆள்பவர்). இளிவரல் என்பது இழிவுணர்ச்சி, அருவருப்பு; அது பிறக்கும் இடமும் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மென்மை என்பதை இங்கே வலுவிழந்து எளிமைப்பட்டுக் கிடப்பது என்று கொள்ளலாம்.

இப்போது ரத்தக்காட்டேரியை நினைத்துப் பாருங்கள். அது இயற்கைக்கு அப்பாற்பட்டது, ஆகவே அணங்கு. ஓநாயாக, வௌவாலாக மாறுகிறது, பல்லால் கடிக்கிறது, ஆகவே விலங்கு. ஊர் அடங்கிய பிறகு படுக்கையறைக்குள் நுழைந்து, கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறது, ஆகவே கள்வன். பல கதைகளில் அது பிரபு, கோட்டைக்குச் சொந்தக்காரன், ஒரு பார்வையால் கட்டளையிடுபவன், ஆகவே இறை. நான்கும் ஒரே உடம்பில். ஜாம்பியோ அந்தப் பக்கத்து ஆளே இல்லை. தள்ளாடும் நடை மூப்பு, அழுகும் தோலும் தொற்றும் பிணி, முனகல் வருத்தம், தன்னைத் தானே நடத்திக்கொள்ள முடியாத நிலை மென்மை. கும்பலாக வரும்போது அது அச்சத்தையும் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை ஜாம்பி, கதவுக்கு அந்தப் பக்கம், பள்ளிச் சீருடையோடு நின்றால் நமக்குள் எழுவது முதலில் இளிவரல், பிறகு அழுகை. தொல்காப்பியர் ஜாம்பியை நினைத்துச் சூத்திரம் எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். பொருத்திப் பார்த்தது நான், பொருந்தாத இடங்களுக்கும் நானே பொறுப்பு. ஆனால் இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டால், ‘பயமாக இல்லை’ என்று நீங்கள் எழுதிய ஜாம்பி நாவல்களில் பாதி உங்களைப் பயமுறுத்தவே முயலவில்லை என்று தெரியவரும். துக்கத்தைக் கொடுக்க முயன்ற நாவலை, பயம் கொடுக்கவில்லை என்று தண்டிப்பது நியாயமில்லை. துக்கமும் வரவில்லை என்றால் தாராளமாகத் தண்டியுங்கள்.

வரலாறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, ஆனால் மதிப்புரையில் அதைக் கொட்ட வேண்டியதில்லை. இன்று நாம் ஜாம்பியிடம் எதிர்பார்க்கும் தோற்றம் ஒரு காலத்தில் ஏறக்குறைய ரத்தக்காட்டேரியுடையதாக இருந்தது. 1725-இல் செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவர் ரத்தக்காட்டேரி ஆகிவிட்டார் என்று சந்தேகித்து அவருடைய கல்லறையைத் தோண்டினார்கள். அவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது, அதற்குப் பின் எட்டு நாளில் ஒன்பது பேர் செத்திருந்தார்கள். அந்தப் பகுதி அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. உடன் நின்ற அரசு அதிகாரி எழுதிய அறிக்கையில் வாயில் புது ரத்தம், உரிந்த தோலுக்கு அடியில் புதுத் தோல், புது நகம் என்றெல்லாம் இருக்கிறது. இன்று உடற்கூறு தெரிந்தவர்கள் இதைச் சாதாரணமாக விளக்கிவிடுவார்கள்: அழுகும் உடலில் வாயு நிறைந்து உப்பும், செந்நீர் வாய் வழியே வெளியே தள்ளப்படும், தோல் பின்வாங்குவதால் நகம் வளர்ந்ததுபோலத் தெரியும். அந்த நாட்டுப்புறப் பிணம் உப்பிச் சிவந்து, மண் ஒட்டி, சொந்த ஊர்க்காரர்களையே தேடி வந்தது. அதற்கு மேல்சட்டையும் நாகரிகமும் மாட்டி மேல்தட்டு விருந்துகளுக்குள் அனுப்பியது ஜான் பொலிடோரி எழுதி 1819-இல் வெளிவந்த கதை. பிரபு பிறந்தது அங்கேதான். நம் வேதாளமும் பிணத்துக்குள் புகுகிற ஆள்தான் என்றாலும், அது வருவது புதிர் போடுவதற்கு. ரத்தத்தைவிடப் பதில்களில்தான் அதற்கு ருசி.

ஜாம்பியின் கதை வேறு. கரீபியன் கடலில் உள்ள ஹைத்தி மக்களின் நம்பிக்கையில் அது யாரையும் தின்பதில்லை. செத்த பிறகும் எழுப்பப்பட்டு, இன்னொருவனுக்காக உழைக்க வைக்கப்படும் உடல் அது. அடிமைத்தனத்தின் நினைவு ஆறாத தீவில், சாவுகூட விடுதலை தராது என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? அங்கே பயம் ஜாம்பியைப் பார்த்து இல்லை, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்று. 1929-இல், அமெரிக்கப் படை ஹைத்தியில் இருந்த நாட்களில், வில்லியம் சீப்ரூக் எழுதிய பயணநூல் வழியாக அந்தச் சொல் அமெரிக்க வாசகர்களிடையே பரவியது. அவர் எழுதிய கதையில் ஜாம்பிகள் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்கின்றன. ஒருநாள் தின்ற இனிப்பில் உப்பு கலந்திருந்ததால், தாங்கள் இறந்தவர்கள் என்று அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. நேராகத் தங்கள் கல்லறைகளுக்கு நடந்துபோகின்றன. மனித மாமிசம் தின்னும் கும்பல் பிறகு வந்தது: 1954-இல் ரிச்சர்ட் மாத்திசன் எழுதிய, நகரத்தில் கடைசி மனிதன் ஒருவனை ரத்தக்காட்டேரிகள் சூழ்ந்துகொள்ளும் நாவல், அதிலிருந்து உந்துதல் பெற்று 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த திரைப்படம். அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. ஆக, இன்றைய ஜாம்பி ரத்தக்காட்டேரி நாவலின் வயிற்றில் பிறந்து ஹைத்தியின் பெயரைச் சூடிக்கொண்டது.

இதெல்லாம் எதற்கென்றால், உங்கள் பகல்வெளிச்சக் கேள்விக்கு. 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா, எல்லோரும் அடிப்படை நூல் என்று கும்பிடும் அந்த நாவல், தன் பிரபுவைப் பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாட விடுகிறது. பகலில் அவன் சக்திதான் குறைவு. சாவதும் சூரிய ஒளியால் இல்லை, இதயத்தில் அடிக்கும் மரக்கட்டையாலும் இல்லை. இரண்டு பேரின் கத்திகளால், சூரியன் மறையும் நேரத்தில். வெளிச்சம் பட்டால் கரைந்துபோவது 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் கொடுத்த விதி. பகலில் நடக்கும் ரத்தக்காட்டேரியை எழுதியவர் தப்பு செய்தார் என்று நீங்கள் எழுதினால், விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வந்து, மரபை மீறியது அவரா நீங்களா என்று கேட்பார். அப்போது முகம் கொஞ்சம் வெளிறும். எனக்கு வெளிறியிருக்கிறது.

நாவல் கட்டுப்பட வேண்டியது தான் போட்ட விதிகளுக்கு. இதைச் சோதிப்பது கடினமே இல்லை. புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் ஒரு பட்டியல் போடுங்கள்: இந்தக் கதையில் கடிபட்டவர் மாற எவ்வளவு நேரம், எது கொல்லும், எது கொல்லாது, அழைக்காமல் உள்ளே வர முடியுமா, சத்தம் அவற்றை இழுக்குமா, வாசனையா. ஒவ்வொரு விதிக்கும் எதிரே அது முதலில் வந்த பக்க எண். பிறகு மீறப்பட்ட பக்க எண். முக்கால்வாசி ஜாம்பி நாவல்கள் விழுவது மாறும் நேரத்தில்தான். பெயரில்லாத காவல்காரன் கடிபட்டால் அரை நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். கதாநாயகனின் தம்பி கடிபட்டால் இரண்டு அத்தியாயம் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் மாறுகிறான். இதை மதிப்புரையில் எழுத உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு, இரண்டு பக்க எண்ணும் கையில் இருப்பதால் ஒருவரும் மறுக்கவும் முடியாது. இது உறுதியான குறை. ‘பாத்திரங்கள் மனதில் ஒட்டவில்லை’ என்பது உங்கள் அபிப்பிராயம். இரண்டையும் ஒரே குரலில் எழுதாமல் இருந்தாலே மதிப்புரை பாதி தேறிவிடும். முதலாவதை அடித்துச் சொல்லுங்கள். இரண்டாவதை ‘எனக்கு’ என்று ஆரம்பியுங்கள்.

நான் சாட்சியம் என்று சொன்னதற்கு ஒரு உதாரணம் காட்டுகிறேன். மறுபடி டிராகுலாதான், பலரும் படித்திருப்பார்கள் என்பதால். பிரபுவின் கோட்டையில் மாட்டிக்கொண்ட ஜோனதன் ஹார்க்கர், நிலவொளியில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். கீழே வேறொரு ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வருகிறது. முகம் தெரியவில்லை; கழுத்தையும், முதுகும் கைகளும் அசையும் விதத்தையும் வைத்து இது பிரபு என்று அடையாளம் கண்டுகொள்கிறான். அந்த நொடியில் அவனுக்குப் பயம் இல்லை. கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கிறது, சிறைப்பட்டவனுக்குச் சின்ன விஷயமும் பொழுதுபோக்கு என்று நாட்குறிப்பில் எழுதுகிறான். அடுத்து முழு உடலும் வெளியே வருகிறது. தலைகீழாக, முகம் கீழே பார்க்க, பாதாளத்துக்கு மேலே சுவரில் ஊர்ந்து இறங்குகிறது, அங்கி இறக்கைபோல விரிகிறது. நிலவின் மாயமோ, நிழலோ என்று தன் கண்ணையே சந்தேகிக்கிறான். பிறகு கை விரல்களும் கால் விரல்களும் கல்லின் விளிம்புகளைப் பற்றுவது தெரிகிறது. வருடங்களின் தேய்மானத்தில் காரை உதிர்ந்து துருத்தி நிற்கும் விளிம்புகள். கடைசியில்தான் அந்த உவமை: சுவரில் பல்லி நகர்வதுபோல.

நான் புள்ளி வைத்தது பல்லிக்கு இல்லை. பல்லி என்றால் நமக்கு என்ன பயம், வீட்டுக்கு வீடு உண்டு. உதிர்ந்த காரைக்குத்தான் புள்ளி. பொய் சொல்பவன் காரை உதிர்ந்ததைக் கவனிக்க மாட்டான். விரல் எங்கே பிடித்தது என்ற கட்டடக் கணக்கைச் சொன்ன பிறகு, இது கனவு என்று ஒதுக்கும் வழி நமக்கும் ஹார்க்கருக்கும் ஒரே சமயத்தில் அடைபட்டுப்போகிறது. அதற்கு முன் வந்த அந்த ‘வேடிக்கை’யும் சும்மா இல்லை, நம்மைத் தளர்வாக உட்கார வைத்துவிட்டுத்தான் தள்ளுகிறார். இப்போது பாருங்கள், ‘கோட்டைக் காட்சி பயங்கரம்’ என்று எழுதாமல், ‘சுவரிறங்கும் காட்சியில் ஆசிரியர் முதலில் வேடிக்கை காட்டி, பிறகு விரல் பிடித்த கல்லைக் காட்டுகிறார்’ என்று எழுதினால், உங்களைத் தெரியாதவரும் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அவருக்குப் பயம் வராமலும் போகலாம். ஆனாலும் நீங்கள் எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு மதிப்புரைக்கு இப்படி ஒரே ஒரு காட்சி போதும். மூன்று காட்சிகளை இப்படி அலசினால் பாடநூல் நோட்ஸ் ஆகிவிடும்.

ஜாம்பி நாவலில் பார்க்க வேண்டியது பெரும்பாலும் நடுப்பகுதியை. ஆரம்பம் எல்லோருக்கும் நன்றாகவே வருகிறது: ஒரு சாதாரணக் காலை, ஒரு விசித்திரமான செய்தி, தெருவில் ஓடும் ஒருவன். முடிவும் எப்படியோ அமைந்துவிடும். இடையில் இருக்கும் இருநூறு பக்கத்தில் தண்ணீர், பெட்ரோல், தோட்டா, ஒரு கட்டடத்தைக் கைப்பற்றுதல், அதை இழத்தல், இன்னொரு கட்டடம் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரே சுற்று மூன்றாம் முறை வரும்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்கள் குறைந்திருப்பது மாற்றம் ஆகாது. அவர்கள் எதற்கெல்லாம் பழகிவிட்டார்கள் என்பதுதான் மாற்றம். பதிப்பக வேலையில் இருந்தபோது, கடைசிவரை வெளிவராமலே போன ஒரு பிரதியில் இப்படி ஓர் இடம் இருந்தது: முதல் அத்தியாயத்தில், தொற்று வந்த மகளைக் கட்டிப்போட்டுவிட்டு அம்மா அவளுக்குத் தலை வாருகிறாள், சீப்போடு கொத்தாக முடி வருகிறது, அவள் அலறுகிறாள். பதினெட்டாம் அத்தியாயத்தில் அதே அம்மா அதே மகளுக்குத் தலை வாருகிறாள், வருகிற முடியைச் சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, பேச்சைத் தொடர்கிறாள். மொழி சுமார், கதைக்கட்டு சுமார். தேறாது என்றுதான் குறிப்பு எழுதினேன், இன்றைக்கும் அது சரியான முடிவா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முடியைச் சுருட்டிய அந்தக் கை மட்டும் போகவில்லை.

கதை எந்த வடிவத்தில் சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம், பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். டிராகுலா முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு. இருபத்தேழு அத்தியாயத்தில் பிரபுவுக்கென்று ஒரு நாட்குறிப்புகூடக் கிடையாது. கோட்டையை விட்டு வந்த பிறகு அவன் நேரில் தோன்றுவதே அபூர்வம். எல்லோரும் அவனைப் பற்றி எழுதுகிறார்கள், அவன் எழுதியதாக வருவது தொடக்கத்தில் ஓரிரு சின்னக் கடிதம் மட்டும். அணங்கு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். மாறாக, 2006-இல் மாக்ஸ் புரூக்ஸ் எழுதிய ஜாம்பிப் போர் நாவல், போர் முடிந்த பிறகு எடுத்த பேட்டிகளின் தொகுப்பாக வருகிறது. பேசுகிறவர் பிழைத்துவிட்டார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால், தப்பிப்பாரா என்ற பதைப்பை ஆசிரியர் தானாகவே கைவிட்டுவிடுகிறார். பதிலுக்குக் கிடைப்பது, பிழைத்தவர் இதை எந்தக் குரலில் சொல்கிறார் என்பது. அந்தக் குரல்கள் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக ஒலிக்கின்றனவா என்பதைத்தான் அப்படிப்பட்ட நாவலில் மதிப்பிட வேண்டும். பரபரப்பு இல்லை என்று எழுதுவது, விற்றுவிட்ட வீட்டுக்கு வாடகை கேட்பதுபோல.

குறியீடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜாம்பி என்றால் நுகர்வு வெறி, ரத்தக்காட்டேரி என்றால் சுரண்டும் மேல்தட்டு, தொற்று என்றால் அந்நியர் மீதான அச்சம் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடும் வழக்கம் இருக்கிறது. சில நாவல்களில் அது உண்மை. ஆனால் எந்த ஜாம்பி நாவலையும் படிக்காமலே இந்த வாக்கியங்களை எழுதிவிட முடியும் என்பதை யோசித்துப் பாருங்கள். என் அளவுகோல் இதுதான்: நீங்கள் சொல்லும் குறியீடு இந்த நாவலில் எதையாவது கூடுதலாக விளக்க வேண்டும். ஏன் இந்த ஜாம்பிகள் மட்டும் பழைய வேலையிடத்துக்கே திரும்புகின்றன, ஏன் இந்த ரத்தக்காட்டேரி கணக்குப் புத்தகம் எழுதுகிறது என்பதற்கு அது பதில் சொன்னால் எழுதுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆசிரியர் இதைத்தான் நினைத்தார் என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். டிராகுலாவுக்கும் பதினைந்தாம் நூற்றாண்டில் வலாக்கியாவை (இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதி) ஆண்ட விளாதுக்கும் உள்ள உறவையே பாருங்கள். ஸ்டோக்கர் ஒரு பழைய வரலாற்று நூலில் டிராகுலா என்ற பெயரைக் கண்டு குறித்துக்கொண்டார் என்பது அவருடைய குறிப்புத்தாள்களால் உறுதி. ஆனால் அந்த ஆட்சியாளனைப் பற்றி அதற்குமேல் அவருக்கு என்ன தெரியும் என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போவதில்லை. இவ்வளவு தோண்டப்பட்ட நாவலுக்கே இந்த நிலைமை.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு என் வழக்கம், நாவலின் முதல் கால்பகுதிக்குள் நடப்பதைத் தயங்காமல் சொல்வேன், பின்னால் நடப்பதில் யார் சாகிறார், யார் மாறுகிறார் என்பதைச் சொல்ல மாட்டேன். ஆனால் சில நாவல்களில் இது ரத்தக்காட்டேரிக் கதை என்பதே நூறு பக்கம் கழித்துத்தான் தெரியவரும். அதைச் சொல்லாமல் மதிப்புரை எழுதுவது வித்தைதான். எனக்கு அது சரியாக வருவதில்லை. பெரும்பாலும் ‘முன்பே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத் தொடர்வேன். ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். குழந்தை சித்திரவதைக்கு உள்ளாவது, பாலியல் வன்முறை, வளர்ப்புப் பிராணியைக் கொல்வது ஆகியவை இருந்தால், எந்த அத்தியாயம் என்று சொல்லாமல், இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுவேன். திகிலுக்காக வந்த வாசகர் எல்லாவற்றுக்கும் சம்மதித்து வந்தவர் இல்லை.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது, ஆனால் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். பயம் வந்ததா என்பதற்கு நான் நட்சத்திரம் கொடுப்பதில்லை. நாவல் எந்த மெய்ப்பாட்டைக் குறிவைத்தது, அதற்காகப் பக்கத்தில் என்ன வேலை செய்தது, போட்ட விதிகளை மதித்ததா, இவற்றுக்குக் கொடுக்கிறேன். அதன்பின் ‘எனக்குப் பயம் வரவில்லை’ என்பதைத் தனி வாக்கியமாக, காரணத்தோடு எழுதுகிறேன். நல்ல வேலைப்பாடு, ஆனால் பயம் வரவில்லை என்ற நாவலுக்கு நான்கு நட்சத்திரம்கூடக் கொடுத்திருக்கிறேன். மட்டமான வேலைப்பாடு, ஆனால் இரவு முழுக்க விளக்கை அணைக்க முடியவில்லை என்ற நாவலுக்கு இரண்டரை. அந்த இரண்டரைக்கு இன்னும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டுவதிலும் ஒரு நியாயம் இருக்கலாம்: திகில் நாவலின் முதல் கடமை அது என்று வாதிடுபவரை நான் இதுவரை ஜெயித்ததில்லை.

பாதியில் மூடி வைத்த நாவலுக்கு மதிப்புரை எழுதலாமா என்று கடைசியில் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். எழுதலாம், நட்சத்திரம் மட்டும் வேண்டாம். எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். சலிப்பால் மூடினீர்களா, தாங்க முடியாமல் மூடினீர்களா என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். இரண்டாவது காரணம் என்றால், உங்கள் மதிப்புரையைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அதில் நானும் ஒருவன்.